கோலுக்கு ஏற்ற தோலுறை

பூல் என்னும் மேசைப்பந்தாட்டத்தில் பந்தைத் தட்டப் பயன்படும் கோல், பார்வைக்கு வழவழப்பான ஒரு மரக்கழியாகவே தோன்றினாலும், அதன் நேர்த்தன்மை மயிரிழை பிசகினால் ஆடுபவரின் கண்ணும் கையும் சொல்வதைப் பந்து கேட்பதில்லை. ஆகவே அந்தக் கோலைத் தூக்கிச் செல்வதற்கும் பாதுகாத்து வைப்பதற்கும் உரிய உறை, ஆட்டக்காரர்களிடையே வெறும் துணைப்பொருள் என்ற நிலையைக் கடந்து, தனிக் கவனத்துக்குரிய கைவினைப் பொருளாகவே மதிக்கப்பட்டு வருகிறது. அமெரிக்காவில் இந்த உறையைத் தோலால் கையாலேயே செய்து விற்கும் கைவினைஞர்கள் சிலர் பெரும் பெயர் பெற்றிருக்கிறார்கள். அவர்களுடைய வேலையைப் பார்த்து மனம் ஒன்றியோ, தம்முடைய கோலுக்குப் பொருந்தும் உறை கடையில் அகப்படாமலோ, தாமே செய்து பார்க்கத் தொடங்கியவர்கள் அவர்களைவிடப் பலர். மாலை நேரங்களிலும் விடுமுறை நாள்களிலும் வீட்டின் ஒரு மூலையில் பலகை போட்டு உட்கார்ந்து செய்யப்படும் இந்தப் பொழுதுபோக்கு, மரம், தோல், நூல், உலோகம் ஆகிய நான்கின் இயல்பையும் அறிந்தவர்க்கே கைகூடுவது. எளிதென்று தோன்றும் வேலை கற்பவரை ஆண்டுக்கணக்கில் பிடித்து வைத்துக்கொள்வதும் அதனால்தான்.

பூல் ஆட்டம், ஆறு பைகள் கொண்ட மேசையின்மீது வெள்ளைப் பந்து ஒன்றால் எண்ணிட்ட வண்ணப் பந்துகளைத் தட்டிப் பைகளில் வீழ்த்தும் ஆட்டம் ஆகும். தமிழ் வாசகர்களுக்குப் பழக்கமான ஸ்னூக்கரும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். எனினும் அது 12 அடி மேசையில், 22 பந்துகளோடு, மெல்லிய நுனியுடைய கோலால் ஆடப்படுவது. 1875இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லேன் என்ற ஆங்கிலேயப் படையதிகாரி உருவாக்கியதாகக் கருதப்படும் அந்த ஆட்டத்தின் விதிகள், 1882இல் உதகமண்டலத்து ஊட்டி கிளப்பில் எழுதி மாட்டப்பட்டன என்பது நம்மவர் பலரும் அறிந்த செய்தி. ஸ்னூக்கர் கோல்களில் பல ஒரே துண்டாகவோ, முக்கால் பங்கில் மூட்டு வைத்ததாகவோ இருப்பதால் அவற்றின் பெட்டிகள் நீண்டும் ஒடுங்கியும் அமைகின்றன. பூல் கோலோ பெரும்பாலும் சரிபாதியில் திருகிக் கழற்றத்தக்கது; பாதியாகக் குறுகிய அந்த நீளம் தோளில் தொங்கும் அம்பறாத்தூணியைப் போன்ற ஓர் உறைக்கு இடம் கொடுக்கிறது. அமெரிக்கப் பூல் கூடங்களைச் சுற்றித் தோலுறைக் கலை வளர்ந்ததற்கு இந்த மூட்டே முதற்காரணம் எனலாம்.

கோலின் அளவுகளை அறியாமல் உறையின் நுட்பத்தை அறிய முடியாது. முழுக்கோல் ஏறத்தாழ 58 அங்குல நீளமும், 510 முதல் 600 கிராம் வரை எடையும் உடையது. கை பிடிக்கும் கீழ்ப்பாதியை அடித்தண்டு என்றும், பந்தைத் தொடும் மேல்பாதியை நுனித்தண்டு என்றும் இங்குக் குறிப்பிடலாம். அடித்தண்டின் தடித்த முனை ஏறக்குறைய 32 மி.மீ. விட்டம் கொண்டது, மூட்டருகே அது 21 அல்லது 22 மி.மீ. ஆகக் குறைகிறது, நுனித்தண்டு அங்கிருந்து மெல்ல ஒடுங்கி 12 அல்லது 13 மி.மீ. அளவில் முடிகிறது. அந்த நுனியில் ஒட்டப்பட்டிருப்பதும் தோல்தான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சுவா மேங்கோ என்ற பிரெஞ்சுப் படைத்தலைவர் கோலின் நுனியில் தோல் வில்லையைப் பொருத்தி ஆடிக் காட்டிய பிறகே, பந்தைச் சுழற்றி அடிக்கும் நுட்பங்கள் இந்த ஆட்டத்தில் முழுமையாக இடம்பெற்றன. ஆக, கோலுக்கும் தோலுக்கும் உள்ள உறவு உறையில் தொடங்கவில்லை.

நுனித்தண்டு பெரும்பாலும் மேப்பிள் என்னும் வடஅமெரிக்கக் கடினமரத்தில் கடையப்படுகிறது. எந்த மரமும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும்போது பருத்தும், ஈரம் வற்றும்போது சுருங்கியும் வரும். ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் அந்த மாற்றம் நேர்ந்தால் தண்டு வளைந்துவிடும். வெயிலில் கண்ணாடி மூடி நிறுத்திய காருக்குள் ஒரு பகல்பொழுது கிடக்கும் கோல், கெட்டுப்போவதற்கு வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை. ஆகவே உறையின் முதற்கடமை, அடிபடாமல் காப்பது மட்டுமன்று. வெப்பமும் ஈரமும் திடீரென்று மாறும்போது அந்த மாற்றம் மரத்தைச் சென்று தொடும் வேகத்தைக் குறைப்பதும் ஆகும். தடித்த தோல், அதனடியில் ஒரு குழாய், அதற்குள் துணி, இவற்றுக்கிடையே அடைபட்ட காற்று என்று பல அடுக்குகளாக உறை அமைவதன் பொருள் இதுவே. ஆனால் எந்த உறையும் மாற்றத்தைத் தாமதப்படுத்துமேயன்றித் தடுத்துவிடாது என்பதைச் செய்பவரும் வாங்குபவரும் மறக்கக் கூடாது.

அமெரிக்கப் பூல் கூடங்களின் சுவரில், வருவோர் யாரும் எடுத்து ஆடத்தக்க பொதுக்கோல்கள் வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கும். தனக்கென்று ஒரு கோலைச் செய்வித்து, அதை உறையிலிட்டுக் கொண்டு வருபவர் ஆட்டத்தைத் தீவிரமாக எடுத்துக்கொண்டவர் என்பதை அந்த உறையே அறிவித்துவிடும். பணம் வைத்து ஆடி, தம் திறமையை மறைத்து எதிரியைச் சிக்க வைக்கும் ஆட்டக்காரர்களுக்கு இந்த அறிவிப்பு இடையூறாக இருந்ததால், பொதுக்கோலைப் போலவே தோன்றும், ஆனால் நடுவில் மூட்டுள்ள எளிய கோல் ஒன்று வழக்குக்கு வந்தது. 'ஸ்னீக்கி பீட்' என்ற செல்லப்பெயர் அதற்கு இன்றும் நிலைத்திருக்கிறது. 1961இல் வெளியான 'தி ஹஸ்லர்' திரைப்படமும், அதன் தொடர்ச்சியாக 1986இல் வந்த 'தி கலர் ஆஃப் மணி' திரைப்படமும் பூல் ஆட்டத்தின்மீது பெரும் ஆர்வத்தைக் கிளப்பின. ரஷ்யாவில் பிறந்து நியூயார்க்கின் புரூக்ளினில் கோல் செய்து 1975இல் மறைந்த ஜார்ஜ் பாலபுஷ்காவின் பெயரை இரண்டாவது படமே பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது. யானைத்தந்த நிறத்தில் பதிப்பு வேலைகளும், அயர்லாந்து லினன் நூல் சுற்றிய பிடியும் கொண்ட அத்தகைய கோல்களுக்குப் பெரும் விலை வந்தபோது, அவற்றுக்கு ஈடான உறை வேண்டும் என்ற எண்ணமும் இயல்பாகவே எழுந்தது.

ஆட்டக்காரர்கள் உறைகளை எண்களால் குறிக்கிறார்கள். 'இரண்டுக்கு நான்கு' என்றால் இரண்டு அடித்தண்டுகளும் நான்கு நுனித்தண்டுகளும் கொள்ளும் உறை என்று பொருள். 'ஒன்றுக்கு ஒன்று' என்பது ஒரே ஒரு கோலுக்கானது. ஒரே ஆட்டக்காரர் தொடக்க அடிக்கு ஒரு கோலும், ஆட்டத்துக்கு வேறொரு கோலும், பந்தைத் துள்ள வைக்கச் சிறு கோலொன்றும் வைத்திருப்பது வழக்கம் என்பதால், உறையில் எத்தனை அறைகள் வேண்டும் என்ற கேள்வியோடுதான் வேலை தொடங்கும். புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் தோலைப் பற்றியும் அதில் வரையப்போகும் பூவைப் பற்றியும் எண்ணிக்கொண்டிருப்பார்கள். அனுபவம் உள்ளவரோ முதலில் உள்ளேயிருக்கும் வெற்றிடத்தைப் பற்றியே எண்ணுவார். உறை என்பது கோலைச் சுற்றி எழுப்பப்படும் ஒரு சிறு வீடு. குடியிருப்பவரின் அளவு தெரியாமல் சுவர் எழுப்பினால், சுவரின் சித்திரம் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

உட்கருவாக வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படும் பி.வி.சி. குழாயையே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். 'ஒன்றரை அங்குலம்' என்று விற்கப்படும் அமெரிக்கக் குழாயின் உள்விட்டம் ஏறத்தாழ 41 மி.மீ.; 32 மி.மீ. அடித்தண்டு அதற்குள் இறங்கிய பிறகு எஞ்சும் இடைவெளி துணி உள்ளுறைக்குச் சரியாக இருக்கும். நுனித்தண்டுக்கு 'ஓரங்குல'க் குழாய் போதும்; அதன் உள்விட்டம் 26 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதல். முக்கால் அங்குலக் குழாயின் உள்விட்டம் 21 மி.மீ. அளவே இருப்பதால், மெல்லியதுதானே என்று அதைத் தேர்ந்தவர் நுனித்தண்டின் மூட்டுப்பகுதி பாதியிலேயே சிக்கிக்கொள்வதைக் காண்பார். எடை குறைய வேண்டுமென்று விரும்புபவர்கள் தடித்த அட்டைக் குழாயையோ மெல்லிய மரச்சட்டங்களையோ நாடுகிறார்கள். குழாய்களைக் கட்டி ஒட்டும்போது இடையில் விழும் பள்ளங்களை மரக்கீற்றோ கெட்டி நுரையோ வைத்து நிரப்பாவிட்டால், மேலே போர்த்தும் தோல் நாளடைவில் அந்தப் பள்ளங்களுக்குள் அமுங்கி, உறையின் விலா எலும்புகள் வெளியே தெரியத் தொடங்கும்.

குழாய்களை எல்லாம் ஒரே நீளத்தில் வெட்டுவது இன்னொரு பிழை. தண்டுகள் யாவும் வாய்க்குச் சமமாக உள்ளே இறங்கிவிட்டால் விரலுக்குப் பிடி கிடைக்காது. உறையைக் கவிழ்த்துத் தட்டித்தான் கோலை எடுக்க வேண்டியிருக்கும், அப்படித் தட்டும் ஒவ்வொரு முறையும் மூட்டு தரையில் விழும் அபாயம் உண்டு. தண்டு ஒவ்வொன்றும் வாய்க்கு மேலே இரண்டங்குலமாவது நிற்கும்படி குழாயின் அடியில் தக்கை வைத்து உயர்த்துவதும், மூட்டின் திருகைக் காக்கப் போடும் மூடியின் நீளத்தையும் கணக்கில் சேர்ப்பதும் கைதேர்ந்தவர்களின் வழக்கம். உள்ளுறைத் துணி மென்மையாக மட்டும் இருந்தால் போதாது, நாரை உதிர்க்காததாகவும் இருக்க வேண்டும். அதைக் குழலாகத் தைத்து, குழாயின் ஊடே இழுத்து, வாயில் வெளிப்புறமாக மடித்து ஒட்டுவார்கள். நுனித்தண்டு ஒரு முனையில் பருத்தும் மறுமுனையில் மெலிந்தும் இருப்பதால், துணியின் பஞ்சுத்தன்மைதான் அது உள்ளே ஆடி ஒலிக்காமல் பிடித்துக்கொள்கிறது. நடக்கும்போது சத்தமிடாத உறையே நல்ல உறை.

இனி தோல். உறையின் வெளிப்புறத்துக்குத் தாவரப் பதனீட்டுத் தோல் ஒன்றே தகும் என்பதில் செய்பவர்களிடையே ஏறக்குறைய கருத்து வேறுபாடே இல்லை. பதனிடுதல் என்பது அழுகக்கூடிய பச்சைத்தோலை அழுகாத பொருளாக மாற்றும் செயல். மரப்பட்டைகளிலும் காய்களிலும் உள்ள துவர்ப்புப் பொருளாகிய டானினில் ஊறவைத்துச் செய்வது தாவரப் பதனீடு. இது பல வாரங்கள் எடுக்கும். குரோமிய உப்புகளைக் கொண்டு செய்வது குரோம் பதனீடு. ஒரு நாளிலேயே முடிந்துவிடக்கூடிய இந்த முறையே இன்று உலகின் பெரும்பான்மையான தோலுக்குக் கையாளப்படுகிறது. குரோம் தோல் துணியைப் போல வளையும், நீரை ஓரளவு தாங்கும். ஆனால் அதில் பதித்த கோடு நிலைக்காது, அதன் விளிம்பைத் தேய்த்து மெருகேற்ற இயலாது. தாவரத் தோலோ ஈரமாக்கினால் களிமண்ணைப் போலப் பதிவை ஏற்று, உலர்ந்தபின் அந்தப் பதிவைக் கைவிடாது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் 1881இல் தொடங்கப்பட்ட ஹெர்மன் ஓக் பதனிடகம் போன்றவை குதிரைச் சேணம் செய்வோருக்காகத் தயாரித்து வந்த அதே தோலைத்தான் உறை செய்பவர்களும் வாங்குகிறார்கள். தமிழ்நாட்டிலும் இந்த முறைக்கு நீண்ட மரபு உண்டு. ஆவாரம்பட்டையில் பதனிட்டுச் சென்னைத் துறைமுகம் வழியாக இங்கிலாந்துக்கு ஏற்றுமதியான ஈ.ஐ. தோல், அதாவது கிழக்கிந்தியத் தோல், அந்த மரபின் பெயர்பெற்ற பொருள். திண்டுக்கல், திருச்சி, ஈரோடு வட்டாரங்களில் வளர்ந்த அந்தத் தொழிலின் பொருளுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

தோல் வேலை பொழுதுபோக்காக மதிப்புப் பெற்ற வரலாறும் அறியத்தக்கது. டெக்சாஸ் மாநிலத்து ஃபோர்ட் வொர்த் நகரில் 1919இல் காலணிக்குரிய தோல் பொருள்களை விற்கத் தொடங்கிய ஒரு நிறுவனத்தின் இரண்டாம் தலைமுறையைச் சேர்ந்த சார்லஸ் டேண்டி, இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் பணியாற்றியபோது, காயமுற்ற வீரர்கள் மருத்துவமனைகளில் மன ஆறுதலுக்காகவும் கைப்பயிற்சிக்காகவும் தோல் வேலை செய்வதைக் கவனித்து, அதில் ஒரு புதிய சந்தை இருப்பதைக் கண்டார். போருக்குப் பின் சிறு கருவிகளும் வெட்டிய தோல் துண்டுகளும் அடங்கிய தொகுப்புகள் அமெரிக்க நகரங்களெங்கும் விற்பனைக்கு வந்தன. ஆல் ஸ்டோல்மன் எழுதி, தாமே படம் வரைந்து வெளியிட்ட கையேடுகள், பட்டறைகளுக்குள் மட்டும் குருவிடமிருந்து சீடனுக்குச் சென்றுகொண்டிருந்த சேணக்காரர் நுட்பங்களை எவரும் வீட்டிலிருந்து கற்கும்படி திறந்து வைத்தன. தோலைத் தொட்டு வேலை செய்தவர்களையே தாழ்த்தி வைத்த நம் சமூகத்தின் நினைவோடு இதைப் படிப்பவர்க்கு, ஆசிரியரும் மருத்துவரும் ஓய்வுபெற்ற பொறியாளரும் விரும்பி அமர்ந்து தோல் தைக்கும் காட்சி, நாம் எத்தனை பேரறிவை மதியாமல் இழந்திருக்கிறோம் என்ற வருத்தத்தைத் தராமல் போகாது.

அமெரிக்கத் தோல் வணிகத்தில் தடிமனை அவுன்ஸ் என்னும் அலகால் சொல்வார்கள்; ஒரு அவுன்ஸ் என்பது அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 0.4 மி.மீ. உறையின் உடலுக்கு 6 முதல் 8 அவுன்ஸ், பைகளுக்கு 4 அல்லது 5, தோள்வாருக்கு 8 முதல் 10 அவுன்ஸ் என்பது பொதுவான நடைமுறை. ஒரே தோலிலும் எல்லாப் பகுதியும் ஒன்றல்ல: முதுகுப் பகுதி நெருக்கமான நார்களுடன் உறுதியாக இருக்கும்; வயிற்றுப் பகுதி தளர்ந்து, இழுத்த பக்கமெல்லாம் நீளும். 32 அங்குல நீளத்துக்கு ஒரே துண்டாக வெட்ட வேண்டிய உடல்பகுதியை முதுகெலும்புக்கு இணையாக எடுக்காதவர், முடிவில் முறுக்கிக்கொண்ட உறை ஒன்றைப் பெறுவார்.

வெட்டும் அளவில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. உட்கருவின் விட்டம் 80 மி.மீ. என்றால் அதன் சுற்றளவு ஏறத்தாழ 251 மி.மீ. ஆகும். அந்த அளவுக்குச் சரியாக 3 மி.மீ. தோலை வெட்டிச் சுற்றினால் இரு விளிம்புகளும் ஒன்றையொன்று தொடாமல் அரை விரற்கடை இடைவெளியில் நின்றுவிடும். வட்டமாக வளைந்த தோலின் உட்புறம் 251 மி.மீ. சுற்றளவில் இருக்கும்போது வெளிப்புறம் 270 மி.மீ. சுற்றளவில் இருக்கிறது, உட்புறம் நெருங்கியும் வெளிப்புறம் விரிந்தும் கொடுக்க, இரண்டுக்கும் நடுவில் உள்ள 261 மி.மீ. என்ற அளவே உண்மையில் வெட்ட வேண்டியது. எனவேதான் முதலில் அதே தடிமனுள்ள கழிவுத்தோல் கீற்று ஒன்றைச் சுற்றிப் பார்த்து, கோடு போட்டு, அதன்பிறகே நல்ல தோலில் கத்தி வைக்கிறார்கள். ஒட்டுவதற்குப் பயன்படுவது, நம் ஊர்ச் சைக்கிள் கடைகளில் சொலூஷன் என்று வழங்கும் வகையைச் சேர்ந்த பசை. இரு புறமும் தடவி, கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, பிறகு பொருத்த வேண்டும். பொருந்திய கணமே பற்றிக்கொள்ளும் என்பதால் கோணலாக வைத்துவிட்டு நகர்த்திக்கொள்ளலாம் என்ற எண்ணத்துக்கு அங்கே இடமில்லை. அதன் ஆவி தலைசுற்றலைத் தரக்கூடியது. சன்னலைத் திறந்து வைத்தே இதைச் செய்ய வேண்டும்.

சித்திர வேலை, தோலைச் சுற்றுவதற்கு முன், அது தட்டையாக இருக்கும்போதே செய்யப்படுகிறது. தோலை நீரில் நனைத்து, மூடி வைத்து, ஈரம் நார்களுக்குள் சமமாகப் பரவியபின் எடுக்கிறார்கள். மேற்பரப்பு பழைய நிறத்துக்கு ஏறக்குறைய திரும்பியிருக்க வேண்டும், ஆனால் கன்னத்தில் வைத்துப் பார்த்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும். வேலைக்குரிய பக்குவம் அதுதான். சுழலும் பிடியுள்ள சிறு கத்தியால் பூவின் கோடுகளைத் தோலின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு வெட்டியபின், சரிவான முகமுடைய இரும்பு முத்திரையை அந்தக் கோட்டின் வெளிப்பக்கத்தில் வைத்துக் கொட்டாப்புளியால் தட்டித்தட்டி நகர்த்த, ஒரு பக்கம் தாழ்ந்து மறுபக்கத்து இதழ் எழுந்து நிற்கிறது. தட்டு ஒவ்வொன்றும் ஒரே பலத்தில் விழுந்தால் தாழ்வு ஒழுகிச்செல்லும். பலம் மாறினால் நடுநடுவே படிக்கட்டுகள் தோன்றும். நீண்டு ஒடுங்கிய உறையின் உடலில் ஏறிப்படரும் கொடி நன்றாகப் பொருந்துகிறது. வயோமிங் மாநிலத்துச் செரிடன் நகரின் பெயரால் வழங்கும் பாணி, வட்டவட்டமாகச் சுருளும் காம்புகளும் ஒவ்வொரு வட்டத்தின் நடுவே ஒரு பூவுமாக நெருக்கமாக அமைவது. சேணங்களில் பிறந்த அந்தப் பாணியைக் கோலுறைகளிலும் காணலாம். தட்டும்போது தோல் நீண்டு அளவு மாறிவிடுவதால், பின்புறத்தில் ஒட்டுத்தாள் பரப்பி வைப்பது வழக்கம். பூ முழுவதும் செதுக்கி முடித்தபின் உடல்பகுதி கால் அங்குலம் நீண்டுவிட்டதை அறிவதைப் போன்ற துயரம் இந்த வேலையில் வேறில்லை.

ஈரமான தாவரத் தோலின்மேல் இரும்புக் கருவியை வைத்து மறந்துவிட்டால், எடுத்த இடத்தில் நீலங்கலந்த கருங்கறை பிடித்திருக்கும். டானினும் இரும்பும் சேர்ந்து கருமை தரும் இந்த வேதிவினையையே கறுப்புச் சாயமாகவும் பயன்படுத்துகிறார்கள். இரும்புக் கம்பிப்பஞ்சைக் காடியில் பல நாள்கள் ஊறவைத்து வடித்த நீரைத் தோலில் தடவினால், பூசிய சாயத்தைப் போல மேலே நிற்காமல், தோலே கறுத்துவிடும். பிறகு சமையல் சோடா கரைத்த நீரால் அமிலத்தை அடக்கி, எண்ணெய் பூச வேண்டும். கையிலும் உடையிலும் ஒட்டாத கறுப்பு வேண்டுவோர் இந்த முறையை விரும்புகின்றனர். கலம்காரித் துணியில், கடுக்காய் ஏற்றிய நூலின்மேல் துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் புளித்த நீரால் கறுப்புக் கோடு வரையும் நம் ஓவியர்கள் பயன்படுத்துவதும் இதே வினைதான்.

தையலைப் பொறுத்தவரை, கையால் செய்த உறைக்கும் இயந்திரத்தால் செய்த உறைக்கும் உள்ள வேறுபாடு வெறும் அழகு சார்ந்ததன்று. தையல் இயந்திரம் மேலொரு நூலும் கீழொரு நூலுமாகக் கொண்டு, இரண்டையும் துளைக்குள் கொக்கிபோல் கோத்துவிடுகிறது. ஓரிடத்தில் நூல் அறுந்தால் பக்கத்துத் தையல்களும் தளரத் தொடங்கும். சேணத்தையல் என்னும் கைத்தையலிலோ ஒரே நூலின் இரு முனைகளிலும் மழுங்கிய ஊசிகளைக் கோத்து, குத்தூசியால் இட்ட ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசிகளையும் எதிரெதிராகச் செலுத்துகிறார்கள். ஒரு பக்கத்து இழை தேய்ந்து அறுந்தாலும், மறுபக்கத்து இழை துளைதோறும் நின்று பிடித்துக்கொள்ளும். 32 அங்குல நீளமுள்ள ஒரு வரிக்கு, அங்குலத்துக்கு 7 தையல் என்றால் 224 துளைகள். ஊசி 448 முறை கடக்க வேண்டும். தைக்கும் நீளத்தைப்போல் நான்கு மடங்கு நூல் வேண்டும் என்ற கணக்கின்படி, மூன்றேகால் மீட்டர் மெழுகு நூல் அந்த ஒரு வரிக்கே செலவாகும். எந்த ஊசி முதலில் நுழைகிறது, பின்னால் வரும் ஊசி நூலின் எந்தப் பக்கமாகச் செல்கிறது என்ற ஒழுங்கு ஒரே ஒரு துளையில் மாறினாலும், சாய்ந்து நிற்கும் தையல் வரிசையில் அந்த ஒன்று மட்டும் நிமிர்ந்து நின்று கண்ணை உறுத்தும். குத்தூசியின் முனை வட்டமாக இல்லாமல் சாய்சதுரமாக இருப்பதற்கும் இந்தச் சாய்வே காரணம்.

அடிப்பாகமும் மூடியும் வேறொரு நுட்பத்தைக் கேட்கின்றன. உட்கருவின் குறுக்குவெட்டு வடிவிலேயே மரத்தில் ஓர் அச்சு செய்து, நன்கு நனைந்த தோலை அதன்மேல் இழுத்து, சுருக்கங்களை எலும்புக் கருவியால் தேய்த்துத் தேய்த்து மறையச் செய்து, நிழலில் உலரவிட்டால், தோல் அந்த வடிவத்தைக் கொப்பரை போல் கெட்டியாக ஏற்றுக்கொள்ளும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் சுருங்கி வெடிக்கும். தோள்வாரைப் பிணைக்கும் வளையங்களின் இடமும் கருதத்தக்கது: இரண்டும் மேலே நெருங்கியிருந்தால் உறை முதுகில் ஊசலாடும், கீழ் வளையம் மிகவும் தாழ்ந்திருந்தால் உறை கிடைமட்டமாகத் திரும்பி, வாசற்படிகளில் இடிக்கும். கோல்கள் எல்லாம் உள்ளே இருக்கும் நிலையில் உறையைக் கயிற்றில் தொங்கவிட்டுப் பார்த்து இடத்தைத் தீர்மானிப்பதே நம்பகமான வழி. ஆணியோ குமிழோ அடிக்கும்போது அதன் பின்முனை உள்ளே நீண்டு கோலைக் கீறாதபடி, உட்கருவைப் பொருத்துவதற்கு முன்பே அவற்றை அடித்து, மேலே தோல் துண்டால் மூடிவிட வேண்டும். பல்லாயிரம் கொடுத்து வாங்கிய கோலின் மெருகில் ஒரு பித்தளைக் குமிழ் இழுக்கும் கோடு, உறையின் மற்றெல்லாச் சிறப்பையும் அழித்துவிடும்.

முதல் முயற்சியாகவே முழு உறையில் இறங்குவது நல்லதன்று. முனைத்தோலில் பூசும் சுண்ணக்கட்டியை வைக்கும் சிறு பை, மூட்டு மூடிகளுக்கான கூடு, தோள்வார் என்ற வரிசையில் சென்றால், வெட்டும் கையும் தைக்கும் கையும் தேர்ந்துவிடும்; பிறகு ஒரே கோலுக்கான, சித்திரமில்லாத உறையைச் செய்யலாம். விற்பனைக்குச் செய்பவர் நேரத்தைக் கூலியாகக் கணக்கிட்டே ஆக வேண்டும், ஆகையால் விளிம்பை மூன்றாம் முறை தேய்ப்பதா வேண்டாமா என்று அவர் எண்ணிப் பார்க்க நேரிடும். தனக்காகச் செய்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. விளிம்பின் கூரைச் சீவி, உப்புத்தாளால் தேய்த்து, நீர் தொட்டு, மரக்கட்டையால் மீண்டும் மீண்டும் உராய்ந்து, இரண்டு அடுக்குத் தோல் ஒரே அடுக்காகக் கண்ணாடி போல் மின்னும் வரை அவர் அமர்ந்திருக்கலாம். இந்தப் பொழுதுபோக்கின் உயிர்நிலை அந்த நேரத்தில்தான் இருக்கிறது; கருவிகளின் விலையிலோ தோலின் உயர்விலோ இல்லை.

முடித்த உறையில், வெளிர்ந்த தோல் வெயில்பட்டும் கைபட்டும் தேன் நிறத்துக்கு மாறிக்கொண்டே போகும். தோள்வாரில் விரல்கள் பற்றும் இடம் முதலில் கருக்கும். எண்ணெய் ஆண்டுக்கு ஓரிரு முறை, மிக மெல்லிதாகப் பூசினால் போதுமானது. அளவுக்கு மீறினால் தோல் தளர்ந்து சித்திரம் மங்கும். கடற்கரை ஊர்களில் உறையை மூடிய அலமாரிக்குள் வைக்காமல், அவ்வப்போது மூடியைத் திறந்து காற்றாட விட்டால் பூஞ்சணம் பிடிக்காது. எல்லாப் பகுதிகளிலும் முதலில் தேய்வது மூடி மடங்கும் பின்புறப் பட்டைதான், ஏனெனில் ஆயிரக்கணக்கான முறை வளைந்து நிமிர்வது அது ஒன்றே. அதனால் கைதேர்ந்தவர்கள் அந்தப் பட்டையை உடலோடு ஒன்றாக வெட்டாமல் தனித்துண்டாக வைத்துத் தைக்கிறார்கள். பல ஆண்டுகள் கழித்து அதில் வெடிப்பு காணும்போது, பழைய நூலை மட்டும் அறுத்து எடுத்து, பட்டையை மாற்றி, பழைய துளைகளிலேயே புதிய நூலைச் செலுத்தித் தைத்துவிடலாம். செதுக்கிய கொடியில் ஓர் இலைக்கும் ஊறு நேராது.